குமிழிக்குள் அடைபட்ட ஹீலியத்தை எதை வைத்து அளப்பது?

"சாம்பிள் ஒன்றுதான் சார் இருக்கு. இதை உருக்கிடலாமா, இல்லை சீவி மைக்ராஸ்கோப்பில் வைக்கலாமா?"

கேட்டவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. கையில் இருந்தது அணுஉலையில் பல ஆண்டுகள் கிடந்த நிக்கல் கலவையின் சிறு துண்டு. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் எனக்கு அடிக்கடி வருகிறது. பொருளியல் படிப்பவர்கள் கேட்கிறார்கள், அயனிக்கற்றையால் ஹீலியம் செலுத்திப் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், உலைப் பாகங்களின் ஆயுளைக் கணக்குப் போடும் பொறியாளர்களும் கேட்கிறார்கள். முறைகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தெரிந்தவர் தன் முறைதான் சரி என்பார். எனவே எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

ஹீலியம் உலோகத்துக்குள் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூட்ரான் மோதும்போது சில அணுக்கருக்கள் ஹீலியத்தை உமிழ்கின்றன. போரான்-10 இதில் பேர்போனது. நிக்கலின் கதை இரண்டு கட்டமாக நடக்கிறது: நிக்கல்-58 ஒரு நியூட்ரானை விழுங்கி நிக்கல்-59 ஆகிறது, அது இன்னொரு நியூட்ரானை வாங்கி இரும்பு-56 ஆகவும் ஹீலியமாகவும் பிரிகிறது. வேகம் தணிந்த நியூட்ரான்கள் நிறைந்த உலையில் இந்த இரண்டாம் கட்டம் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். கனடாவின் கேண்டு உலைகளில் அழுத்தக் குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள கலாண்ட்ரியா குழாய்க்கும் நடுவே இடைவெளி காக்கும் சுருள் வளையங்கள் இன்கோனல் எக்ஸ்-750 என்ற நிக்கல் கலவையால் ஆனவை. உலையில் கிடந்து எடுத்த வளையங்களில் துகள் எல்லைகள் (உலோகத்தின் படிகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) நெடுக ஹீலியக் குமிழிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எல்லைகளிலேயே உலோகம் பிளந்தது.

ஹீலியம் உலோகத்தில் கரையாது. அணு ஒன்று விலகிப்போன காலியிடம் கிடைத்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் ஹீலியமும் அங்கேயே சேரும். இப்படித்தான் குமிழி பிறக்கிறது. பத்து லட்சம் உலோக அணுவுக்கு ஒரு ஹீலியம் அணு என்ற அளவை எட்டினாலே, கதிர்வீச்சுக்கு ஆளான எஃகை வழக்கமான முறையில் வெல்டிங் செய்யும்போது பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விழும் அபாயம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு இத்தனை அணு என்ற இந்த அலகை ஆய்வகங்களில் 'ஏபிபிஎம்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முறையைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்களுக்குத் தெரியவேண்டியது என்ன? "வாயுவை அளக்க வேண்டும்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு அளவுகள் இருக்கின்றன. சாம்பிளில் மொத்தம் எத்தனை ஹீலியம் அணு என்பது ஒன்று. ஒரு குமிழிக்குள் அது எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது, அதாவது அடர்த்தியும் அழுத்தமும் எவ்வளவு என்பது இரண்டாவது. குமிழியிலா, துகள் எல்லையிலா, கண்ணுக்கே தெரியாத சிறு கொத்துகளிலா, எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது.

எந்தக் கருவியும் இதில் ஒன்றைத்தான் நேரே அளக்கும். மற்ற இரண்டையும் நாம் ஏதாவது ஒரு அனுமானத்தைப் போட்டுக் கணக்கில் வரவழைக்கிறோம். இந்தத் துறையில் பெரிய பிழைகள் அந்த அனுமானங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு முறையிடமும் நான் முதலில் கேட்பது, "நீ எதை ஊகிக்கச் சொல்கிறாய்?" என்பதுதான். அப்புறம்தான் எவ்வளவு சிறிய குமிழி வரை எட்டும், சாம்பிள் மிஞ்சுமா, கதிரியக்கச் சாம்பிளைத் தாங்குமா, எத்தனை நாள் பிடிக்கும் என்பதெல்லாம்.

ஊகம் எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். இரும்பில் 2 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழி. கன அளவு சுமார் 4.2 கன நானோமீட்டர். அந்த இடத்தில் இரும்பு இருந்திருந்தால் ஏறத்தாழ 356 அணுக்கள் இருந்திருக்கும். மேற்பரப்பின் இழுவிசையும் வாயுவின் அழுத்தமும் சமமாக நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டால், மேற்பரப்பு ஆற்றலை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுக்க அழுத்தம் கிடைக்கும். மேற்பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு 2 ஜூல் என்றால் விடை 4 கிகாபாஸ்கல், நம் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 40,000 மடங்கு. பள்ளியில் படித்த இலட்சிய வாயு விதியை இதற்குப் போட்டால் ஒரு கன நானோமீட்டரில் 970 ஹீலியம் அணு என்று வரும். இரும்பிலேயே ஒரு கன நானோமீட்டரில் 85 அணுதான் இருக்கிறது! அந்த விதி இங்கே செல்லாது. உயர் அழுத்தத்துக்கான நிலைச்சமன்பாடு வேண்டும். அறை வெப்பத்தில் ஹீலியம் உறைந்து திடமாகவே சுமார் 11.5 கிகாபாஸ்கல் போதும், அந்த எல்லையை நோக்கிப் போகும் இடம் இது.

இன்னொன்று. குமிழியின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் கன அளவு 73 சதவீதம் கூடிவிடும். அளவு மும்மடியாக ஏறுவதால் வரும் வினை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## உருக்கி எண்ணுவது

சாம்பிளில் ஒரு சிறு துணுக்கை வேக்குவம் உலையில் வைத்து முழுவதும் உருக்கி, வெளிவரும் ஹீலியத்தை, அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில் எண்ணுவது. அளவு தெரிந்த ஹீலியம்-3ஐ அதோடு கலந்துவிட்டு, ஹீலியம்-4க்கும் அதற்கும் உள்ள விகிதத்தை மட்டும் அளப்பார்கள். கருவியின் உணர்திறன் நாளுக்கு நாள் மாறினாலும் விகிதம் மாறாது. அதனால் துல்லியம் ஓரிரு சதவீதம் வரை கிடைக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

ஒரு மில்லிகிராம் இரும்பில் 1 ஏபிபிஎம் ஹீலியம் என்றால் ஏறத்தாழ பத்து லட்சம் கோடி அணுக்கள். நல்ல கருவிக்கு இது தாராளமான அளவு. உலையிலிருந்து வந்த சாம்பிளுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் துணுக்கு சிறிதாக இருந்தால் கதிரியக்கமும் குறைவு.

இந்த முறை எதையும் ஊகிக்கச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்: மொத்தம் இவ்வளவு. எங்கே இருந்தது, எந்த அழுத்தத்தில் இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. துணுக்கும் போய்விடும். மறைசெலவு வேறொன்று இருக்கிறது. ஹீலியம்-3 கலக்கும் வசதியோடு, அளவுதிருத்தம் செய்து பராமரிக்கப்படும் கருவி உலகில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. கதிரியக்கச் சாம்பிளை அங்கே அனுப்பும் அனுமதிக்கும் பொதிக்கும் ஆகும் காலம், அளக்கும் காலத்தைவிடப் பல மடங்கு.

## மெல்லச் சூடாக்கி வெளிவிடுவது

இதை டிடிஎஸ் என்பார்கள். வெப்பத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போய், எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஹீலியம் வெளிவருகிறது என்று வரைபடமாக எடுப்பது. ஒற்றைக் காலியிடத்தில் லேசாகப் பிடிபட்ட ஹீலியம் முன்னால் வரும். குமிழிக்குள் அடைபட்டது உருகுநிலையை நெருங்கும்போதுதான் வரும். வெப்பமேற்றும் வேகத்தை மாற்றி மாற்றிச் செய்தால், ஒவ்வொரு சிகரத்துக்கும் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதும் தெரியும். மொத்தத்தோடு 'எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருந்தது' என்பதையும் சொல்வதால் பலர் இதை விரும்புகிறார்கள். எனக்கும் பிடிக்கும்.

ஆனால் சூடாக்குவதே சாம்பிளை மாற்றுகிறது. குமிழிகள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். நீங்கள் 900 டிகிரியில் அளப்பது அறை வெப்பத்தில் இருந்த குமிழியை அல்ல, அந்த 900 டிகிரி வரை வந்து சேர்ந்த குமிழியை. இரும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 912 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பே மாறுகிறது, அந்த இடத்தில் ஹீலியம் குபுக்கென்று வெளிவரும். அந்தச் சிகரத்தைப் பார்த்து "ஹீலியத்தைப் பிடித்துவைக்கும் புதுவகைப் பொறி" என்று எழுதிவிடக் கூடாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஆரம்ப காலத்தில் நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் அழகான சிகரம் ஒன்று வந்தது. நிறை எண் 4. ஹீலியம்தான் என்று குறிப்பேட்டில் எழுதி, அதற்கு விளக்கமும் தயார் செய்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு முந்தைய வாரம் அதே கலத்தில் டியூட்டீரியம் ஏற்றிய சாம்பிளைச் சூடாக்கியிருந்தார்கள். டியூட்டீரியம் மூலக்கூறின் நிறை 4.028, ஹீலியத்தின் நிறை 4.003. சாதாரண நாற்துருவ நிறமாலைமானிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு மாத வேலை போயிற்று. அன்றிலிருந்து வெறும் கலத்தை ஒருமுறை சூடாக்கிப் பார்க்காமல் நான் எந்தச் சாம்பிளையும் வைப்பதில்லை. காற்றிலேயே பத்து லட்சத்தில் 5.24 பங்கு ஹீலியம் இருக்கிறது, அது ரப்பர் வளையங்களின் வழியாக ஊடுருவி உள்ளே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடிப்பது

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி, அதாவது டிஇஎம். 1963இல் பார்ன்ஸ், மேஸி இருவரும் செம்பில் ஹீலியக் குமிழிகள் நகர்ந்து ஒன்றுசேர்வதை இதில்தான் காட்டினார்கள். 1967இல் டவுன்ரே வேக உலையிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகில் வெற்றுக்குழிகளைக் காதோர்ன், ஃபுல்டன் இருவரும் கண்டதும் இதில்தான். இன்றும் பெரும்பாலோர் முதலில் ஓடுவது இதற்குத்தான்.

குவியத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் குமிழி வெளிச்சப் புள்ளியாகவும் அதைச் சுற்றி இருண்ட வளையமாகவும் தெரியும். கூட்டி வைத்தால் தலைகீழாக மாறும். இரண்டு படத்திலும் சரியாக மாறும் புள்ளியே குமிழி. எண்ணி, விட்டம் அளந்து, படம்பிடித்த பரப்பாலும் தகட்டின் தடிமனாலும் வகுத்தால் ஒரு கன மீட்டரில் எத்தனை என்பது கிடைக்கும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஇஎம் படத்தில் தெரிவது பள்ளம். வாயு அதில் தெரிவதில்லை. ஹீலியம் திணித்த குமிழியும் காலியான வெற்றுக்குழியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். தகட்டை மெலிதாக்கும்போது மேற்பரப்பில் வெட்டுப்பட்டு வாயுவை விட்டுவிட்ட குமிழியும் அப்படியே தெரியும். "டிஇஎம்மில் ஹீலியத்தை அளந்தோம்" என்று யாராவது சொன்னால், பள்ளத்தை அளந்து, ஒரு காலியிடத்துக்கு ஒரு ஹீலியம் என்றோ சமநிலை அழுத்தம் என்றோ ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

மேலே சொன்ன 2 நானோமீட்டர் குமிழிக்கே வருவோம். ஒரு கன மீட்டரில் பத்தின் 23ஆம் அடுக்கு எண்ணிக்கையில் இருக்கின்றன, காலியிடத்துக்கு ஒரு ஹீலியம் என்றால் சுமார் 420 ஏபிபிஎம். விகிதத்தைப் பாதியாக எடுத்தால் 210. இரண்டு மடங்காக எடுத்தால் 840. படம் ஒன்றே, விடை மூன்று. இதோடு விட்டப் பிழையைச் சேருங்கள். குவியத்தை எவ்வளவு தள்ளினீர்கள் என்பதைப் பொறுத்துத் தோன்றும் விட்டமே மாறும், மிகச் சிறிய குமிழிகளில் அந்த மாற்றம் 20 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். தகட்டுத் தடிமனில் ஒரு 10 சதவீதம். சுமார் 1 நானோமீட்டருக்குக் கீழே உள்ள கொத்துகள் கண்ணில் படவே படாது.

அப்படியானால் இது வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 'எங்கே' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எதிலும் இல்லை. துகள் எல்லையில் எவ்வளவு, உள்ளே எவ்வளவு, வீழ்படிவின் ஓரத்தில் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். உலோகம் உடையுமா உடையாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த விவரம்தான்.

குவிந்த அயனிக்கற்றையால் வெட்டியெடுத்த தகடு கதிரியக்கச் சாம்பிளுக்கு வரப்பிரசாதம். 10 மைக்ரான் நீளம், 5 மைக்ரான் அகலம், 0.1 மைக்ரான் தடிமன் என்றால் எடை சுமார் 40 பிக்கோகிராம். வெறும் மேசையிலேயே கையாளும் அளவுக்குக் கதிரியக்கம் குறைந்துவிடும். ஆனால் ஒரு மில்லிகிராமில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு அது. அந்த ஒரு பங்கு முழுத் துண்டுக்கும் பேசுமா என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கேலியம் அயனிகள் வெட்டும்போதே புள்ளி புள்ளியாகச் சேதம் செய்துவைக்கும், அதுவும் குமிழி போலவே தெரிந்து ஏமாற்றும்.

## ஒற்றைக் குமிழிக்குள் எட்டிப் பார்ப்பது

ஈல்ஸ் என்று அழைக்கப்படும் எலக்ட்ரான் ஆற்றல் இழப்பு நிறமாலை, அதாவது நுண்ணோக்கியின் எலக்ட்ரான்கள் சாம்பிளைக் கடக்கையில் எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்று படிப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அடர்த்தியை நேரே தொடும் முறை என்று இதன்மேல்தான் எல்லோருக்கும் ஆசை.

தனியாக மிதக்கும் ஹீலியம் அணு 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை விழுங்கிக் கிளர்ச்சி அடையும். பக்கத்து அணுக்கள் நெருக்கும்போது கிளர்ந்த எலக்ட்ரானுக்கு இடம் போதாமல் அந்த ஆற்றல் மேலே நகரும். நெருக்கம் கூடக் கூட நகர்வும் கூடும். 1981இல் அலுமினியத்தில் உள்ள ஹீலியக் குமிழிகளில் இந்த நகர்வைக் காட்டினார்கள். இன்று ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த எலக்ட்ரான் ஊசிமுனையை ஒரே ஒரு குமிழியின் மேல் நிறுத்தி இதைப் படிக்க முடிகிறது. எண்ணிப் பாருங்கள், சில நூறு அணுக்கள் அடைந்த ஓர் அறைக்குள் எவ்வளவு நெருக்கடி என்று வெளியே இருந்தபடியே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்!

அடர்த்தியை எடுக்க இரண்டு வழி. சிகரத்தின் பரப்பைக் கணக்கிட்டு, ஹீலியத்தின் மோதல் குறுக்குப்பரப்பாலும் குமிழியின் தடிமனாலும் வகுப்பது ஒரு வழி. குமிழி உருண்டை என்று எடுத்துக்கொள்வார்கள். நிக்கலில் குமிழிகளுக்குத் தட்டையான முகங்கள் வருவதுண்டு, அப்போது தடிமன் தவறும். சிகரம் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து அடர்த்தியை எடுப்பது இன்னொரு வழி. இதற்குத் தடிமன் தேவையில்லை. ஆனால் நகர்வையும் அடர்த்தியையும் இணைக்கும் மாறிலிக்கு வெளியாகியுள்ள மதிப்புகள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடுகின்றன. எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்று எழுதாத அடர்த்தி எண்ணை நான் நம்புவதில்லை. முடிந்தால் உங்கள் சாம்பிளில் உள்ள பெரிய குமிழிகளில் முதல் வழியைப் போட்டு, அந்த மாறிலியை நீங்களே பெறுங்கள். அதிகப்படியாக ஒரு நாள் ஆகும். ஆனாலும் அது செலவழிக்கத் தகுந்த நாள்.

அடுத்த இடைஞ்சல் பின்னணி. அலுமினியத்தின் சொந்தச் சிகரம் 15 எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையாக நிற்கும், ஹீலியம் தனியாகத் தெரியும். இரும்பிலோ அகலமான மேடு ஒன்று சரியாக 20களில் உட்கார்ந்திருக்கிறது, ஹீலியத்தை அதன் முதுகில்தான் தேட வேண்டும். குமிழி சிறுக்கச் சிறுக்க ஹீலியத்தின் சைகை தேய்ந்துகொண்டே போகும். தகடு தடித்திருந்தால் அதுவும் கிடையாது. எஃகில் 2 நானோமீட்டருக்குக் கீழே உள்ள குமிழிக்கு இந்த முறையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மறைசெலவுகளில் பெரியது இனிமேல்தான் வருகிறது. 200 கிலோவோல்ட் எலக்ட்ரான் ஒன்று ஹீலியம் அணுவின்மேல் நேருக்கு நேர் மோதினால் 131 எலக்ட்ரான் வோல்ட் வரை கொடுக்க முடியும். இரும்பு அணுவுக்கு அதே மோதல் 9 சொச்சம்தான் கொடுக்கும், அது அசையாமல் நிற்கும். ஹீலியம் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். அளக்கும் செயலே குமிழியைக் காலி செய்கிறது. ஒரே குமிழியை மூன்று முறை தொடர்ந்து அளந்து, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கற்றையின் அளவைக் குறைத்து வேறு குமிழியில் மறுபடி தொடங்குங்கள்.

கிடைக்கும் அடர்த்தி அறை வெப்பநிலைக்கானது. குமிழி மூடிய பாத்திரம் மாதிரி, உலை வெப்பத்தில் அடர்த்தி அப்படியே இருக்கும், அழுத்தம் மட்டும் ஏறியிருக்கும். அழுத்தத்தைச் சொல்லும்போது எந்த வெப்பநிலைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## பாசிட்ரானை அனுப்பிக் கேட்பது

பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள், எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். அது உலோகத்துக்குள் நுழைந்தால் அணு இல்லாத காலியிடத்தைத் தேடிப் போய் விழும். அங்கே எலக்ட்ரான் குறைவாக இருப்பதால் கொஞ்சம் அதிக நேரம் உயிரோடு இருக்கும். சேதமில்லாத இரும்பில் சுமார் 110 பிக்கோநொடி, ஒற்றைக் காலியிடத்தில் சுமார் 175, பெரிய காலிக் குழியில் 400க்கு மேல். அதே குழியில் ஹீலியத்தை அடைத்தால் ஆயுள் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து உள்ளே எவ்வளவு நெருக்கம் என்று சொல்லலாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஹீலியம் செலுத்திய உலோகங்களை இந்த முறையில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் கைத்தேர்ச்சி இது.

டிஇஎம் குருடாகும் இடத்தில் இதற்குக் கண் திறக்கிறது. ஐந்தாறு காலியிடங்கள் சேர்ந்த கொத்தைக்கூட உணரும். சாம்பிளும் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், ஆயுள் குறைந்தது ஹீலியம் கூடியதாலா, குழி சிறியதாக இருந்ததாலா என்று இந்த ஒரு எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. குழியின் அளவை வேறு எங்காவது தெரிந்துகொண்டு வர வேண்டும். குழிகள் மிக அதிகமானால் எல்லாப் பாசிட்ரான்களும் பிடிபட்டுவிடும், அதற்குமேல் எண்ணிக்கை தெரியாது. சோடியம்-22 மூலத்திலிருந்து வரும் பாசிட்ரான்கள் எஃகில் பல பத்து மைக்ரான் ஆழம் வரை பரவிப் போகும். அயனிக்கற்றையால் 100 நானோமீட்டர் ஆழத்தில் ஹீலியம் செலுத்தியவர் அந்த மூலத்தை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது, மெதுவான பாசிட்ரான் கற்றைதான் வேண்டும். உலையிலிருந்து வந்த எஃகில் கோபால்ட்-60 இருக்கும். அதன் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாக்கள், பாசிட்ரான் பிறந்ததை அறிவிக்கும் சோடியத்தின் தொடக்கச் சைகையான 1.27க்கு இரு பக்கமும் வந்து நின்று கடிகாரத்தையே குழப்பும். மூன்று கருவிகளை ஒருசேர இயக்கி வடிகட்டினால் சமாளிக்கலாம், ஆனால் அளக்கும் நேரம் நாள்கணக்கில் நீளும்.

## மற்ற சில

ஹீலியம்-3 செலுத்திய சாம்பிளில் டியூட்டெரான் கற்றையை ஏவினால் அணுக்கரு வினை நடந்து அதிவேகப் புரோட்டான் வரும். அதை எண்ணி, எந்த ஆழத்தில் எவ்வளவு என்று வரையலாம். உலையில் பிறக்கும் ஹீலியம்-4க்கு இது உதவாது. சிறுகோண நியூட்ரான் சிதறல் ஒரு பெரிய துண்டு முழுவதற்கும் சராசரி அளவைத் தரும். காந்தப்புலத்தில் வைத்த ஃபெரிட்டிக் எஃகில், காந்தச் சிதறலையும் அணுக்கருச் சிதறலையும் ஒப்பிட்டு, குழி காலியா நிறைந்ததா என்றுகூடச் சொல்ல வழியுண்டு. கார்பைடு துகள்களும் சிதறடிக்கும் என்பதால் சாம்பிளை நன்றாக அறிந்தவர்களுக்கே அது பயன்படும். ட்ரிட்டியம் ஏற்றிய பலேடியத்தில் ட்ரிட்டியம் சிதைந்து பிறக்கும் ஹீலியம்-3ஐ அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் கேட்டு, 1987இல் அது 250 கெல்வின் பக்கத்தில் திடத்திலிருந்து பாய்மமாக மாறுவதையே கண்டார்கள். மிக அழகான வேலை. ஆனால் இரும்பு போன்ற காந்த உலோகத்தில் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

## ஒரே பார்வையில்

| முறை | நேரே தருவது | ஊகிக்க வேண்டியது | சாம்பிள் | ஏற்ற சூழ்நிலை |
|---|---|---|---|---|
| உருக்கி எண்ணுதல் | மொத்த ஹீலியம் | எதுவுமில்லை | அழியும், மில்லிகிராம் போதும் | கணக்கைச் சரிபார்க்க, வெல்டிங் முடிவுக்கு |
| டிடிஎஸ் | மொத்தம், பிடிப்பின் வலிமை | சூட்டில் அமைப்பு மாறாது என்பது | அழியும் | செலுத்திய ஹீலியம், பொறிகளின் வகை |
| டிஇஎம் | குமிழியின் இடம், விட்டம், எண்ணிக்கை | உள்ளே உள்ள வாயு முழுவதும் | மெல்லிய தகடு | துகள் எல்லை, முறிவு, வீக்கம் |
| ஈல்ஸ் | ஒற்றைக் குமிழியின் அடர்த்தி | மாறிலி அல்லது தடிமன் | தகடு, கற்றையால் வாயு இழப்பு | சில நானோமீட்டருக்கு மேற்பட்ட குமிழி |
| பாசிட்ரான் | காலியிடமும் வாயுவும் சேர்ந்த விளைவு | குழியின் அளவு | சேதமில்லை | டிஇஎம்மில் தெரியாத தொடக்கநிலைக் கொத்துகள் |

## யார் எதை எடுப்பது?

உலைப் பாகத்தை வெல்டிங் செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு உருக்கி எண்ணுவது போதும். நுண்ணோக்கிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பாகம் ஏன் உடைந்தது என்று தேடுபவருக்கு டிஇஎம்மிலிருந்து தொடங்குவதே சரி. முறிந்த பரப்புக்குப் பக்கத்தில் இருந்தே தகட்டை எடுங்கள்.

அயனிக்கற்றையால் ஹீலியம் செலுத்தியவருக்கு ஏற்கெனவே பெரிய சௌகரியம் உண்டு, எவ்வளவு உள்ளே போனது என்பது கற்றையின் கணக்கிலேயே இருக்கிறது. அவர் டிடிஎஸ்ஸில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்துவிட்டு, மெதுவான பாசிட்ரான் கற்றைக்கு நேரம் கேட்கலாம். கதிர்வீச்சு அளவு குறைவாக இருந்து டிஇஎம்மில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் "குமிழி இல்லை" என்று எழுதாதீர்கள், பாசிட்ரானைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கணினியில் குமிழி வளர்ச்சியை மாதிரி செய்பவருக்கு வேண்டியது அடர்த்தி. அவருக்கு ஈல்ஸ் தவிர வேறு நல்ல வழி இல்லை. செலவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், ஆனால் சமநிலை அழுத்தத்தை ஊகித்து எழுதிய பழைய எண்களைக் கொண்டுபோய் மாதிரியில் போடவும் வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு இணையை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்: உருக்கி எண்ணிய மொத்தமும் டிஇஎம்மில் எண்ணிய குமிழிகளும். மொத்தம் 1,000 ஏபிபிஎம், குமிழிகளின் கணக்கு 420 என்று வந்தால், மீதி 580ஐப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியாத கொத்துகளிலும் படிக வரிசை பிசகிய இடப்பெயர்வுக் கோடுகளிலும் இருக்கலாம், அல்லது குமிழிகளின் அடர்த்தி நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம். எது என்று பிரிக்கத்தான் ஈல்ஸும் பாசிட்ரானும். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு அந்தக் கருவிகளுக்கு நேரம் கேட்டால், என்ன கேள்வியோடு போகிறோம் என்பது கையில் இருக்கும்.

அந்த மாணவிக்குச் சொன்னதும் இதைத்தான். முதலில் துண்டை வெட்டாமல் பாசிட்ரானில் வைக்கச் சொன்னேன், அதனால் எதுவும் குறையாது. அப்புறம் 3 மில்லிமீட்டர் வட்டு ஒன்றைப் பஞ்ச் செய்து டிஇஎம்முக்கு எடுத்துக்கொள்ளலாம், அதே தகட்டில் பெரிய குமிழிகள் இருந்தால் ஈல்ஸும் பார்த்துவிடலாம். பஞ்ச் செய்தபின் மிஞ்சும் விளிம்பைப் பலரும் கழிவில் போட்டுவிடுகிறார்கள். அந்த விளிம்பில் சில மில்லிகிராம் போதும், உருக்கி எண்ணிவிடலாம். வட்டைச் சுற்றி இருந்த உலோகம் அது, எனவே இரண்டு எண்களும் ஒரே இடத்தைப் பற்றியவை. எந்தப் பக்கத்து விளிம்பு, உலைப் பாகத்தில் அது எந்த இடத்தில் இருந்தது என்று உறையின் மேல் எழுதி வைக்கச் சொன்னேன். முன்பு சொன்ன கேண்டு வளையத்திலேயே, குழாய்களுக்கு நடுவே நசுங்கி நிற்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வெப்பநிலை வேறு, குமிழிகளும் வேறு.